உருமி கேசெட்

சுப்பனைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெம்பானைத் தாண்டி உள்ளே தள்ளிக் கிடக்கிற அந்தத் தோட்டத்தில், பெண்டாட்டியின் வயிற்று நோவுக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிளினிக் பெஞ்சில் போய் உட்கார்ந்த ஆண்பிள்ளை அவன் ஒருத்தன்தான். மற்றவர்களெல்லாம் பஸ் ஏற்றிவிட்டு, 'என்னான்னு கேட்டுக்கிட்டு வா' என்பதோடு கைகழுவிவிடுவார்கள். சுப்பன் அப்படியில்லை. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் தலையணையை மடித்துப் போட்டு, அதில் பெத்தம்மாளை உட்காரவைத்து, மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து மலாக்கா டவுன்வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனவன். அதனால் நடந்ததற்கு அவனைத் திட்டவும் மனசு வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

பெத்தம்மாளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள், மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்ட பிறகு உரம் போடும் வேலைக்கு மாறியிருந்தாள். மற்ற நாளில் அவளும் தோட்டத்துப் பெண்களில் ஒருத்திதான். ஆடி மாதம் வந்தால் கதையே வேறு. தோட்டத்து மாரியம்மன் முதலில் வந்து இறங்குகிற உடம்பு அவளுடையது. உருமிக்காரன் வளைந்த குச்சியைத் தோலில் வைத்து ஒரு இழு இழுப்பான். மாடு தொண்டைக்குள் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், கூட்டத்தில் எங்கே நின்றாலும் பெத்தம்மாளின் முழங்கால் ஆட ஆரம்பித்துவிடும்.

பூசாரி ராமையா அவள் கன்னத்தில் அலகு குத்துவார், ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்க்காது. பூக்குழியில் நெருப்பை மிதித்து நடப்பாள், பாதம் சிவக்காது. ஒரு வருஷம் செம்பனை முள் ஏறிக் கால் வீங்கி, தரையில் ஊன்றவே முடியாமல் கிடந்தாள். உருமி கேட்டதும் எழுந்தாள், நடந்தாள், குழியில் இறங்கி ஏறினாள். எலுமிச்சம்பழமும் திருநீறும் கொடுத்துச் சாமியை மலையேற்றிய பிறகுதான் 'ஐயோ, என் காலு' என்று தரையில் உட்கார்ந்தாள். பக்கத்திலேயே நின்று இதைப் பார்த்தவன் சுப்பன். உருமி அடித்தால் இவளுக்கு வலி தெரியாது என்பது அன்றைக்கே அவன் மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது.

போன ஆடியில் பெத்தம்மாள் காப்புக் கட்டவில்லை. கால் வலி என்று சொல்லிவிட்டாள். உண்மை வேறு. மாதத் தூரம் நின்றுபோய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன உடம்பில் திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் பட்டது, நின்றது, மறுபடி பட்டது, அப்புறம் நிற்கவே இல்லை. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? திருவிழா நடந்த மூன்று நாளும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு காதிலும் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீட்டு உடம்போடு இருக்கிறபோது உருமிச் சத்தம் காதில் விழுந்து, கூப்பிட்ட குரலுக்கு வருகிறவள் வந்து இறங்கிவிட்டால்? அதைவிடப் பெரிய பாவம் பெத்தம்மாளுக்குத் தெரிந்து இந்த உலகத்தில் கிடையாது.

கோயில் வேலையில் ஓடியாடிக்கொண்டிருந்த சுப்பனுக்கு இது எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் கண் சிவந்திருந்தது. பூக்குழி இறங்க முடியவில்லையே என்று அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். மாதங்கள் கழித்து ஒரு காலையில், வீட்டுக்குப் பின்னால் வாளியில் ஊறிக்கொண்டிருந்த துணியைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது.

“இது எத்தன நாளா?”

“ஆடிக்கு முந்திலேருந்துங்க.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்னா புள்ள?”

“என்னான்னு சொல்றது?”

சுப்பன் அன்றைக்கே மோட்டாரை எடுத்தான்.

டவுனில் இருந்த அந்தப் பெண்கள் கிளினிக்கில் டாக்டர் நோர்மா என்று ஒரு மலாய்க்கார அம்மா. நல்ல மனுஷி. வயசான பெண்களையெல்லாம் 'மாக்சிக்' என்றுதான் வாய் நிறையக் கூப்பிடுவார், நாம் அத்தை என்று கூப்பிடுகிற மாதிரி. டாக்டர் மலாயில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல பிரிஜிட் என்று ஒரு மிஸி இருந்தாள். புக்கிட் காத்திலில் வீடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். நர்ஸை மிஸி என்று கூப்பிட்டுத்தானே நமக்குப் பழக்கம்.

“அக்கா, கர்ப்பப்பைக்குள்ள சின்ன குழா ஒண்ணு வுட்டு, உள்ளேருந்து கொஞ்சூண்டு சதை எடுக்கணும். அத டெஸ்ட் பண்ணாத்தான் புத்துநோயா என்னான்னு தெரியும். பத்து நிமிசம்தான். மயக்க ஊசி ஒண்ணும் இல்ல. சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்.”

சுருக்காம். அந்தக் கட்டிலில் ஏறிப் படுக்காதவர்கள் வைத்த பெயர் அது. குழாய் உள்ளே போவதற்கு முன்பே பெத்தம்மாள் போட்ட சத்தம் வெளியே பெஞ்சில் இருந்த பெண்களையெல்லாம் எழுந்து நிற்கவைத்தது. கால் உதறியதில் கருவிகள் இருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது. டாக்டர் கையை எடுத்துவிட்டார். கதவுக்கு வெளியே நின்ற சுப்பன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, 'விட்டுருங்க, விட்டுருங்க' என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

விட்டுவிடத்தான் முடியாதே. பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம் என்றால், பெத்தம்மாளின் நெஞ்சு குறுக்கே நின்றது. சின்ன வயசில் வந்த காய்ச்சலில் இருதயத்துக் கதவு ஒன்று பழுதாகியிருந்ததாம். அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

“மயக்க ஊசி போட்டா இவங்க நெஞ்சு தாங்குமான்னு டாக்டருக்கு பயம் அண்ணே” என்றாள் பிரிஜிட் சுப்பனிடம். “ஆனா எடுத்தே ஆகணும். புத்தா இருந்தா சீக்கிரம் கண்டுபிடிச்சாத்தான் பொழைக்க முடியும்.”

டாக்டர் நோர்மா மேசை டிராயரைத் திறந்து ஒரு வாக்மேனை எடுத்தார். அவர் வெளிநாட்டில் மேல்படிப்புப் படித்த இடத்தில், இந்த மாதிரி வேலைகளுக்கு வரும் பெண்களின் காதில் பாட்டுப் போட்டுவிடுவார்களாம். மனசு பாட்டின் பின்னால் போனால் உடம்பு இறுகாதாம், இறுகாவிட்டால் வலி பாதியாகக் குறையுமாம். இங்கேயும் சில பேருக்குச் செய்து பார்த்து நன்றாகவே இருந்ததாம். ரொம்பப் பிடித்த பாட்டு எதுவோ அந்தக் கேசெட்டைக் கொண்டு வாருங்கள், அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்ப்போம் என்றார்.

பெத்தம்மாளுக்குப் பிடித்தது பழைய சினிமாப் பாட்டு. மஸ்ஜித் தானாவில் கட்டிக்கொடுத்த மகள் பவானேஸ்வரி, ரேடியோவில் வருவதையெல்லாம் பிடித்து ஒரு கேசெட் நிறையப் பதிந்து கொடுத்திருந்தாள். சமைக்கிறபோது, துணி மடிக்கிறபோது அதுதான் ஓடும். புறப்படுகிற அன்றைக்கு அந்தக் கேசெட்டைத் துடைத்து பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தாள். அவள் தலை சீவப் போன நேரத்தில் சுப்பன் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, தன் சட்டைப்பையில் வேறொன்றைப் போட்டுக்கொண்டான்.

போன ஆடிக்கும் முந்தின ஆடியில், பூக்குழி ஓரத்தில் கேசெட் ரேடியோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று அவனே பதிந்த உருமி மேளம் அது. மகளுக்குப் போட்டுக் காட்டத்தான் பதிந்தான். இப்போது அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. அலகு குத்தினாலே வலிக்காத உடம்புக்குக் குழாய் எந்த மூலைக்கு? ஊசி வேண்டாம், மயக்கம் வேண்டாம். உருமி இருக்கிறது. இது இந்த டாக்டருக்கு எங்கே தெரியப் போகிறது என்று அவனுக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. தீட்டு என்கிற நினைப்பு அவனுக்கு வரவே இல்லை. டாக்டரே இதை வியாதி என்று சொல்லிவிட்டார், வியாதிக்கு ஏது தீட்டு? ஆண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எவ்வளவு சுளுவாக முடிந்துவிடுகிறது பாருங்கள்.

பெத்தம்மாள் திரைக்குப் பின்னால் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு சாரோங் கட்டிக்கொண்டிருந்தபோது, சுப்பன் கேசெட்டை பிரிஜிட்டின் கையில் கொடுத்தான்.

“மிஸி, இதப் போடுங்க. அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. கேட்டா தானா தெரிஞ்சிரும்.”

“சாமிப் பாட்டா அண்ணே?”

“சாமிப் பாட்டுதான்லா. அதுக்கு மேலயே சொல்லலாம்.”

பிரிஜிட்டுக்குச் சந்தோஷம். தன் இரண்டு பிள்ளைப் பேற்றிலும் மாதா பாட்டைத்தான் அவள் முணுமுணுத்துக்கொண்டு கிடந்தாள். சாமிப் பாட்டு என்றால் சாமிப் பாட்டுத்தானே, எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெத்தம்மாளைக் கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு காலையும் தூக்கி இரும்புத் தாங்கிகளில் மாட்டினார்கள். இடுப்பின்மேல் ஒரு பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் தலை.

“அசையக்கூடாதுக்கா. குழா உள்ள இருக்கையில அசைஞ்சா குத்திரும். கண்ண மூடிக்கிட்டு பாட்டக் கேளுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்.”

பிரிஜிட் அவள் கைகள் இரண்டையும் சேர்த்து நெஞ்சின்மேல் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் இயர்போனை மாட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

முதலில் இஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு ஒரு இருமல். அது சுப்பனின் இருமல், கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற இருமல் அவளுக்குத் தெரியாதா? சினிமாப் பாட்டுக்குள்ளே இந்த மனுஷன் எப்படி நுழைந்தான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. 'தள்ளி நில்லு, தள்ளி நில்லு' என்று யாரோ விரட்டினார்கள். அப்புறம் உருமி இழுத்தது.

பெத்தம்மாள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

மேலே வெள்ளை விளக்கு. துணிக்கு அப்பால் டாக்டரின் வாய் அசைந்தது, சொன்னது கேட்கவில்லை. உருமி இன்னொரு தடவை இழுத்தது. இரும்புத் தாங்கியில் கிடந்த வலது முழங்கால் மெல்ல நடுங்கத் தொடங்கியதை அவள் உணர்ந்தாள். இது நடுக்கம் இல்லை, எதனுடைய ஆரம்பம் என்று அவளுக்குத் தெரியும். காலை விரித்துப் போட்டு, கீழே ரத்தம் பட்ட துணியோடு, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கிடக்கிறாள். அம்மனைத்தான் இந்த இடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேசெட்டில் ராமையாவின் குரல் அம்மனின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி அழைத்தது.

எடுத்துப் போடு என்று சொல்ல வாயைத் திறக்கப் போனாள். திறக்கவில்லை. சாமி வருகிற வாய் அது. உருமி ஓடுகிறபோது திறந்தால் அதற்குள்ளிருந்து பேசப்போவது பெத்தம்மாள்தானா என்பதை அவளாலேயே சொல்ல முடியாது. பல்லைக் கடித்து, உதட்டை உள்ளே மடக்கிக்கொண்டாள். கையை உருவி இயர்போனைப் பிடுங்கலாம் என்றால் பிரிஜிட்டின் பிடி உடும்புப் பிடியாக இருந்தது. உதறலாம். உதறினால் போன தடவை மாதிரி எல்லாம் பாழாய்ப் போகும், புற்றா இல்லையா என்பது தெரியாமலே போகும். கோயில் என்றால் இந்நேரம் ராமையா எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து, நெற்றியில் திருநீறு அடித்திருப்பார். இங்கே மருந்து நெடியைத் தவிர ஒன்றும் இல்லை.

'வராத தாயே. நான் ரத்தத்துல கெடக்கேன். வராத.'

அந்த நேரத்தில்தான் டாக்டர் உள்ளே கொக்கி மாதிரி எதையோ மாட்டி இழுத்தார். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய வலி முதுகுத்தண்டில் ஏறி, தொடை இரண்டிலும் இறங்கியது. பெத்தம்மாளின் கண்ணில் பூச்சி பறந்தது. அதோடு முழங்கால் ஆட்டமும் நின்றது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சாமி வந்தால் வலி போய்விடும். இத்தனை ஆடியாக அப்படித்தானே? அப்படியென்றால் வலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் சாமி வர மாட்டாள். உலகத்தில் எந்தப் பெண்ணாவது அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வலியே போய்விடாதே என்று கேட்டிருப்பாளா? பெத்தம்மாள் கேட்டாள். குழாய் நுழைந்தபோது அந்த வலியைத் தேடிப் போய்ப் பிடித்தாள். உள்ளே அது திரும்பியது, சுரண்டியது, நின்றது, மறுபடி சுரண்டியது. ஒன்றைக்கூட விடவில்லை. மேளம் வேகம் எடுக்கிறபோதெல்லாம் உடம்பு லேசாகிக்கொண்டு வந்தது, வலி தூரப் போகப் பார்த்தது. அவள் நினைப்பையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்த் திரும்ப வயிற்றில் வைத்தாள்.

கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதோரம் நனைந்தது. அதைப் பார்த்த பிரிஜிட்டுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், சத்தம் பற்றவில்லைபோல என்று நினைத்தாள். வாக்மேனின் சக்கரத்தைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

மண்டைக்குள்ளே மேளம் இடித்தது. அந்த மேளத்துக்கு நடுவில் ஒரு பெண் அலறினாள். நீளமான அலறல், கேட்டால் மயிர்க்கூச்செறிகிற அலறல். யார் இவள் என்று பெத்தம்மாளுக்குத் தெரியவில்லை. 'பெத்தம்மாளுக்கு வந்துருச்சு, பிடி, பிடி' என்று ராமையா கத்தியபோதுதான் தெரிந்தது. தன்மேல் சாமி வந்தால் தன் குரல் எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை கேட்டதே இல்லை. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத் தொண்டையில் ஏதோ எழும்பி வந்தது. அவள் அதை விழுங்கினாள். வராத, வராத, வராத.

“ஹாபிஸ், மாக்சிக்” என்று டாக்டர் எழுந்தார். முடிந்துவிட்டது என்று பிரிஜிட் இயர்போனைக் கழற்றிச் சொன்னாள். பெத்தம்மாளின் கீழுதட்டில் பல் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

“பாகுஸ், பாகுஸ்” என்று, ரொம்ப நல்லது என்கிற அர்த்தத்தில், டாக்டர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிரிஜிட் கதவைத் திறந்துகொண்டு ஓடி, சுப்பனிடம் சொன்னாள்.

“அண்ணே, அக்கா ஒரு சத்தம் போடல. டாக்டரே அசந்துட்டாங்க. அது என்னா பாட்டு அண்ணே அது?”

சுப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பெத்தம்மாள் சேலை கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. அத்தனை பேர் முன்னால் அவள் கையைப் பிடித்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஊரறிய அவன் அவள் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

“ஆடியில நீ கதவச் சாத்திக்கிட்டு அழுதியே, எனக்கு தெரியாதுன்னு நெனச்சியா? ஒன்னாலதான் அவகிட்ட போக முடியல. அதான் அவளையே ஒங்கிட்ட கொண்டாந்துட்டேன்.” பிடித்த கையை அவன் விடவில்லை. “வலிச்சிச்சா புள்ள?”

பெத்தம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். போன வாரம் சுவரில் முட்டிக்கொண்ட நெற்றியில் இன்னும் ஒரு கன்றல் இருந்தது.

“இல்லங்க” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு சுப்பனைப் பிடிக்க முடியவில்லை. வழியில் பசியாற நிறுத்திய கடையில் முன்பின் தெரியாதவனிடம் சொன்னான். தோட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். ராமையாவிடம் சொன்னபோது ஒரு படி மேலே போய், வருகிற ஆடியில் தானே காப்புக் கட்டிப் பூக்குழி இறங்குவதாக நேர்ந்துகொண்டான். நெருப்புக் குச்சி கையைச் சுட்டாலே ஊதி ஊதிப் பார்க்கிற மனுஷன்.

பெத்தம்மாள் வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். மஞ்சளைக் கரைத்து இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டாள். அதற்குமேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோயில் வாசலுக்குப் போய் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம் என்றால் ரத்தம் நின்றபாடில்லை. சாயங்காலங்களில் வேலை முடிந்து வருகிறபோது, தூரத்தில் லாரி நிறுத்துகிற இடத்தில் நின்று கோபுரத்தைப் பார்ப்பாள். அந்த உடம்புக்கு அம்மன் வந்தாளா, வாசல்வரை வந்து திரும்பினாளா? வந்தால் பாவம். திரும்பிப் போனால் அது அதைவிட மோசம். வராதே என்று விரட்டின வாயால் இனிமேல் எப்படி வா என்று கூப்பிடுவது? இதைக் கேட்கக்கூட அவளுக்கு ஒரு ஆள் இல்லை.

கிளினிக்கிலிருந்து தோட்டத்து ஆபீஸுக்குப் போன் வந்தது. இரண்டு பேரும் போனார்கள். பிரிஜிட் அவர்களை உட்காரவைத்து, சங்கடத்தோடு சொன்னாள்.

“எடுத்த சதை பத்தலையாம் அண்ணே. அதுல ஒண்ணும் சொல்ல முடியலையாம். அடுத்த வாரம் இன்னொரு தடவ எடுக்கணும்.”

பெத்தம்மாள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுப்பன் மட்டும் அசையவில்லை.

“அதுக்கென்ன மிஸி, எத்தன தடவ வேணாலும் எடுங்க. அதான் நம்மகிட்ட மருந்து இருக்கே” என்று சொல்லிவிட்டு, மோட்டாரை எடுத்துவரப் போனான்.

அவன் தலை மறைந்ததும் பெத்தம்மாள் பிரிஜிட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸி, பாட்டு வேணாம். சும்மாவே எடுங்க. நான் தாங்கிக்கிறேன்.”

“என்னாக்கா இப்படி சொல்றீங்க? மொதத் தடவ பாட்டு இல்லாம என்னா ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? பாட்டு இல்லாம டாக்டர் ஒங்களத் தொட மாட்டாங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் ஒங்க கதையத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க.” பிரிஜிட் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். “ஏன்க்கா, அந்தப் பாட்டு புடிக்கலயா? வேற கேசெட் இருந்தா கொண்டாங்கலா. எதுவா இருந்தா என்னா?”

பெத்தம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எதுவாக இருந்தால் என்ன. சினிமாப் பாட்டுக் கேசெட் வீட்டில்தானே இருக்கிறது. அதை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து, திரைக்குப் பின்னால் வைத்து மிஸி கையில் கொடுத்துவிட்டால் சுப்பனுக்குத் தெரியவே வேண்டாம். அவனுடைய சந்தோஷமும் போகாது, அவள் உயிரும் போகாது. வழியெல்லாம் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

சனிக்கிழமை பாதி நாள் வேலை. சுப்பன் மத்தியானமே மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மஸ்ஜித் தானாவுக்குக் கிளம்பினான். பெத்தம்மாள் மீனைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். கேசெட் இல்லை. துணி அடுக்குக்குப் பின்னால் தேடினாள், ரேடியோவுக்கு அடியில் தேடினாள், தலையணை உறைக்குள்ளேகூடக் கையை விட்டுப் பார்த்தாள். குழம்பு கொதித்து வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது.

வெயில் தாழ்கிற நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. சுப்பன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். அவன் சட்டைப்பையில் அந்தக் கேசெட் தெரிந்தது. பவானேஸ்வரி தன் வட்டக் கையெழுத்தில் 'அம்மாவுக்கு' என்று எழுதி ஒட்டியிருந்த அதே கேசெட்.

“அத எங்கங்க கொண்டு போனீங்க?”

“இருலா, சொல்றேன்.” அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். “மக வூட்டுல ரெண்டு கேசெட் போடற பெரிய ரேடியோ இருக்குல்ல? அதுல போட்டு நம்ம உருமிய இதுல ஏத்திட்டேன். சினிமாப் பாட்டு கெடக்குது, அத எப்ப வேணாலும் திரும்பப் புடிச்சிக்கலாம். பழசு அறுந்து கிறுந்து போச்சுன்னா என்னா பண்றது? அதான்.”

பெத்தம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அது மட்டும் இல்ல புள்ள. நான் ஒக்காந்து யோசிச்சேன். போன தடவ மொதல்ல சும்மா கூட்டச் சத்தம், என் இருமல், ராமையா கூப்புடறது, இதுலயே பாதி நேரம் போயிருச்சு. அந்த நேரத்துல ஒனக்கு வலிச்சிருக்கும், நீ என்கிட்ட சொல்லல. எனக்கு தெரியும் ஒன்னய.” அவன் கேசெட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான். “இதுல அதெல்லாம் இல்ல. ஒனக்கு சாமி வருதுல்ல, அந்த எடத்த மட்டும் திரும்பத் திரும்ப ஏத்தியிருக்கேன். ரெண்டு பக்கமும் அதுதான். போட்ட ஒடனே வந்துருவா.”

நெற்றிக் கன்றல் ஆறி மஞ்சளாகியிருந்தது. மகள் வீட்டிலிருந்து கிளம்புகிறபோது திருநீறு பூசியிருப்பான்போல, வேர்வையில் கலைந்து வழிந்திருந்தது. பெத்தம்மாள் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவன் நிமிர்ந்து, அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று ஆசையாகப் பார்த்தான்.

“சோறு போடவாங்க?” என்று கேட்டாள்.